போன்காரருக்கும் களத்தில் பங்கு

வாய்க்கால் கரையில் நின்ற போன் கம்பத்தில் காதை ஒட்டி வைத்தால் இரும்பின் குளிர்ச்சி கன்னத்தில் ஏறும். உள்ளே தேன்கூட்டில் கேட்பதுபோல ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘கம்பம் பேசுது’ என்போம் எங்கள் தெருவில். அந்தக் கம்பி போய்ச் சேர்ந்தது ஊரில் ஒரே வீட்டுக்கு, மிராசுதார் வீட்டுக்கு.

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், குறுவை அறுப்புக்கு அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அரிவாளைக் கூரை எறவானத்தில் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தது. முந்தின வருடமும் கேட்டோம். மிராசுதார் போனை எடுத்து ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் லாரி நிறைய வெளியூர் ஆட்கள் வந்து இறங்கி அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த அடைமழைக் காலத்தை நாங்கள் வயல் நண்டும் கீரையுமாகக் கழித்தோம். இந்த முறையும் லாரி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் தொலைபேசி ஊழியர்கள் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பக்கத்து டவுன் கடைத்தெருவில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. வெளியூர் விலை தெரியாமல் நெல் வியாபாரி புலம்பினார். மகளின் பிரசவச் செய்திக்குக் காத்திருந்த மளிகைக்கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். போனைத் தொட்டே பார்த்திராத என் அப்பாவும் டீக்கடையில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னார்: “மாசம் பொறந்தா சம்பளம், தலைக்கு மேல காத்தாடி. இவனுங்களுக்கு என்ன கொறச்சல்?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “மிராசு வீட்டுலயும் நம்மள இதேதான் சொல்றாங்க. வேலை குடுத்தோம், எடம் குடுத்தோம், இவங்களுக்கு என்ன கொறச்சல்னு. நீங்களும் அங்கயே போயி உக்காருங்க, நாக்காலி போடுவாங்க.”

அப்பா பீடியைத் தேடினார்.

ஆனால் கம்பம் மட்டும் பேசுவதை நிறுத்தவில்லை. விடிந்ததும் ஆண்கள் போய்க் காதை வைத்துப் பார்த்து, “பேச்சு ஓடுது, லாரிக்குத்தான் சொல்றாரு” என்று முகம் செத்துத் திரும்புவார்கள். ஒரு நாள் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்த, வேலைநிறுத்தத்தில் இருந்த போன் லைன்மேன் செல்வராசு, கம்பத்தோடு ஒட்டி நின்ற அப்பாவைப் பார்த்துக் காலை ஊன்றினார்.

“என்னண்ணே, கம்பத்துக்கிட்ட ரகசியம்?”

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அது கம்பியில காத்து மோதுற சத்தம்ண்ணே. லைன் போட்டுக் குடுக்க எக்சேஞ்சுல ஆளே இல்ல. ஒங்க மிராசு தொண்டை கிழியக் கத்துனாலும் ஆத்தத் தாண்டாது.”

போனில் லாரி வராது என்று சொல்ல அப்பா தெருவுக்கு ஓடிவந்தார். மிராசுதார் தன் காரியக்காரரை ஆள் பிடிக்க பஸ்ஸில் அனுப்பியிருந்தது உண்மைதான். அவர் திரும்புவதற்குள் கிழக்கே மேகம் இறங்கிவிட்டது. தலை சாய்ந்து கிடந்த கதிர் ஒரு மழைக்கே வயலில் முளைத்துவிடும். சாயங்காலம் பண்ணை ஆள் வந்து, “அரை மரக்கா கூட்டித் தர்றாராம், வெடிஞ்சதும் எறங்குங்க” என்றான்.

களத்தில் நெல் தூற்றிய அன்று செல்வராசு அந்த வழியே போனார். அவர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

“தம்பி, ஒங்களுக்குக் கூட்டிக் குடுத்தாங்களா?” என்றாள் அம்மா.

“இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்கக்கா. எங்க ஸ்டிரைக்கு ஒங்க களத்துலதான் வெளஞ்சிருக்கு.”

துணி வெளுப்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் களத்திலேயே பங்கு அளப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா தன் கூலி நெல்லில் ஒரு முறம் அள்ளி, “இந்த அறுப்புல ஒங்களுக்கும் பாத்தியதை இருக்கு” என்று நீட்டினாள். செல்வராசு கூச்சப்பட்டு வேண்டாம் வேண்டாம் என்றார். அப்பாதான் தன் தோள் துண்டை விரித்து, நெல்லைக் கொட்டி முடிந்து, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார்.

இன்று அந்தக் கம்பம் இல்லை. மெஷின் வந்து ஒரு பொழுதில் அறுத்துவிட்டுப் போகிறது. பங்கு அளக்கக் களமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவனான எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. சம்பளத்துக்காக நாங்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஒருவர் சொன்னார்: “மாசம் பொறந்தா சம்பளம், தலைக்கு மேல ஃபேன். இவனுங்களுக்கு என்ன கொறச்சல்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்திலிருந்த அப்பா அவர் தோளை மெல்லத் தொட்டார். “தம்பி, நானும் ஒரு தடவ இப்படித்தான் பேசுனேன்” என்று ஆரம்பித்தார்.

டீக்கடையில் தொடங்கிய கதை துண்டில் வந்து முடிந்தபோது பஸ் வடுவூர் ஏரியைத் தாண்டியிருந்தது. முன் சீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.