சொத்தைக் கத்தரிக்காயே போதும்

நாகல் நகரில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து, சித்தையன்கோட்டை விவசாயி பாண்டியம்மாளிடம் மருந்தடிக்காத காய்கறிகளை வாரந்தோறும் நேரடியாக வாங்குகிறோம். ஒருமுறை கத்தரிக்காயை நறுக்கியபோது பூச்சிமருந்து நெடி அடித்தது. பதறிப்போய்க் கொட்டிவிட்டு, பஸ் ஏறி அவர் தோட்டத்துக்கே போனேன்.

"அடிச்சேன் தாயி. போன தடவ சொத்தைன்னு அம்புட்டையும் திருப்பி அனுப்புனீகள்ல?" என்றார்.

சுருக்கென்றது. திருப்பி அனுப்பியவள் நான்தான்.

"இனிமே சொத்தையா இருந்தாலும் குடுங்கக்கா. மருந்து மட்டும் வேணாம்" என்றேன்.

"இதெல்லாம் ஒத்துவராது. மார்க்கெட்டுலயே வாங்கு" என்றார், வீட்டில் இதைக் கேட்ட என் கணவர். நான் மசியவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். சொத்தையை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கிறேன். சிரிப்பவர்களிடம், "புழுவே தொடப் பயப்படுற காயி எனக்கு வேணாம்" என்று சொல்லிவிடுகிறேன்.