சத்தம் அடக்கும் ஆயில்

போன வாரம் ஸ்டெல்லா புதுக்கார் வாங்கி, திருச்சி கே.கே. நகரிலிருந்து என்னை ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்று முன்சீட்டில் ஏற்றினாள். சீட் பெல்ட்டை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றேன். "பண்ணி ரொம்ப நேரமாச்சு மாமா" என்றாள். காலமெல்லாம் டாக்ஸி ஓட்டியவனுக்கு அந்த மானக்கேடு போதும். காதைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எலுமிச்சை சென்ட் வாசனைதான் வந்தது.

காருக்கு அதுவா வாசனை? ஆயில் கருக வேண்டாமா? கருகினால், அப்பளம் சுட்ட அடுப்பில் மண்ணெண்ணெய் சிந்தின மாதிரி மூக்கில் ஏறும். அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு வந்துவிடும். ராஜகோபுரம் மொட்டையாக நின்ற காலம். அதன் நிழலில்தான் நானும் ஆரோக்கியமும் கிடப்போம். ஆரோக்கியம் ஸ்டெல்லாவின் அப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கிழட்டுக் கறுப்புக் காரை வாங்கியிருந்தோம். ஒரு நாள் அவன் ஓட்டுவான், ஒரு நாள் நான். மற்ற நாளெல்லாம் ரெண்டு பேருமாகத் தள்ளுவோம்.

எஞ்சினில் சத்தம் வந்தால் ஆரோக்கியம் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பான். மேலே டிக்டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஓடினால் வால்வைத் தட்டுகிற டாப்பெட், பயமில்லை. பாரம் இழுக்கும்போது கீழேயிருந்து டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டினால் பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும். நானும் கேட்பேன். மூன்றாம் கிளாஸைக்கூட முடிக்காத என் காதுக்கு எல்லாமே பேரிங்தான். ஒரு தடவை, வண்டி இன்றைக்கோ நாளைக்கோ என்று நாள் குறித்துவிட்டேன். கடைசியில் அது, முசிறியில் ஏறின ஆளின் பித்தளைக் குடம் டிக்கியில் உருண்ட சத்தம். ரொம்ப நாள் ஸ்டாண்டில் எனக்குக் குடம் டாக்டர் என்றுதான் பேர்.

அந்த மார்கழியில் நிஜமாகவே கீழேயிருந்து தட்டியது. எஞ்சினை இறக்கினால் வண்டி ஷெட்டில் படுத்துவிடும். ஏகாதசிக் கூட்டம் வருகிற நேரம், வருஷத்துக்கு எங்களுக்கு அதுதான் சோறு. தட்டுகிற வண்டியில் எவனும் ஏறமாட்டான். இதற்கு ஸ்டாண்டில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. இருக்கிற முப்பதாம் நம்பர் ஆயிலை இறக்கிவிட்டு, அதைவிடக் கெட்டியான நாற்பதை ஊற்றி, மேற்கொண்டு கொஞ்சம் கியர் ஆயிலும் கலந்துவிடுவது. கியர் ஆயில் வெல்லப்பாகு மாதிரி. தேய்ந்த இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். ஏகாதசி முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டு அப்புறம் இறக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஊற்றும்போது, என் வாயிலும் ரெண்டு சொட்டு விடு, ஊரே உன்னைக் கும்பிடும் என்றேன். ஆரோக்கியம் சிரிக்கவில்லை.

"சத்தம் நின்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல மாப்ளே. வாயப் பொத்தியிருக்கோம், அவ்வளவுதான்."

அந்த ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம். பனியில் உறைந்து கிடக்கும், எஞ்சினுக்குள் ஏறாது. ஸ்டார்ட் செய்து, சூடாகி இளகுகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பிய ஒருத்தனுக்குக் காவிரிப் பாலத்து நடுவில் எஞ்சின் இறுகி நின்றுபோனது. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம்.

ஏகாதசிக்கு முன்னால் ஒரு விடியற்காலை ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினாவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். துணைக்கு வர வேண்டிய அவள் அம்மா இன்னும் முசிறியிலிருந்து வந்து சேரவில்லை. ஸ்டாண்டு வண்டிகளெல்லாம் கூட்டம் ஏற்ற ஜங்ஷனுக்குப் போய்விட்டன. அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தான். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்திருந்தது. பானெட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எஞ்சின் சொல்றத அப்புறம் கேளுங்க. நான் கத்துறது காதுல விழுதா?" என்றாள் பிலோமினா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"கொஞ்சம் பொறு பிலோமி. பாலத்துல நின்னுட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

நியாயமான பேச்சு. காத்திருந்தோம்.

அப்புறம் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில். மாம்பழச்சாலை வரைக்கும் முனகிக்கொண்டே வந்தாள். பாலம் ஏறுகிற இடத்தில் எங்கள் ரெண்டு பேர் காதும் காலடியில்தான் இருந்தன. டொக் வரவில்லை. பின்னாலும் சத்தம் இல்லை.

"வலி விட்டிருக்கு போல" என்றான். தூங்கட்டும் என்றேன் நான். அந்த வண்டி அன்றைக்குப் போன மாதிரி ஒரு நாளும் போனதில்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது.

ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்தபோது சீட்டெல்லாம் ரத்தம். நர்ஸம்மா அவள் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எங்களைத் திட்டக்கூட இல்லை.

"எப்பலேர்ந்து பேசாம இருக்காங்க?"

"பாலத்துலேர்ந்து" என்றான் ஆரோக்கியம்.

குழந்தை பிழைத்தது. பிலோமினா பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தவன் முதல் வேலையாக அந்த ஆயிலைத் தரையிலேயே திறந்துவிட்டான். பழையபடி முப்பதை ஊற்றினான். வண்டி திரும்பவும் தட்டியது. பேரிங் மாற்றிவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "தட்டட்டும்" என்றான். ஏகாதசிக் கூட்டம் ஏறி உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டு இறங்கிப் போனது. என் முறை நாளில் நானும் அந்த டொக் டொக்கோடுதான் ஓட்டினேன். கடைசியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் ராடு முறிந்து எஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. அதோடு சரி. பழைய இரும்புக்குப் போனது.

இப்போது ஆரோக்கியம் இல்லை. கோபுரம் முழுசாகிவிட்டது, அதன் நிழலில் எங்கள் ஸ்டாண்டு இல்லை. மலைக்கோட்டைக்குக் கீழே டிரம்மிலிருந்து ஆயில் அளந்து கொடுத்த கடையில் செல்போன் விற்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் எங்கே போனதென்று தெரியவில்லை. கிடைத்தாலும் ஸ்டெல்லாவின் காரில் அதை எங்கே வைத்துக் கேட்பது?

பாலம் ஏறினோம். ஸ்டெல்லா பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"ஏம்மா பேசாம வர்ற?"

"முன்னாடி பஸ்ஸு மாமா, பாத்து ஓட்டுறேன்."

"பாத்துக்கிட்டே பேசு. பாலம் முடியுற வரைக்கும் ஏதாவது பேசு."