பனிமலையில் சுணங்கிய சுகந்தி

நான் வேலை செய்யும் வீட்டு எசமானியான சிஞ்ஞோராவுக்கு எண்பத்திரண்டு வயது. யாராவது பரீட்சைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கோ புறப்பட்டால் ‘இன் போக்கா அல் லூப்போ’ என்று சொல்லித்தான் வழியனுப்புவார். ஓநாயின் வாய்க்குள் போ என்பது அதன் நேர்ப்பொருள். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த முதல் வருஷம், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நான் கிளம்பியபோது அவர் இப்படிச் சொல்ல, எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவளை ஓநாய்க்கு இரை கொடுக்கிறாரே என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ‘கிராத்சியே’ சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஓநாய் சாகட்டும் என்று பதில் சொல்ல வேண்டுமாம். நன்றி சொல்வதுதான் தரித்திரமாம். இதை எனக்கு விளக்க அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இங்கே கெட்டதை உரக்கச் சொல்லி அதை விரட்டுகிறார்கள். நாங்களோ கெட்டதை வாயிலேயே எடுக்க மாட்டோம். அரிசி முடிந்தால்கூட ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘வாங்கவேணும்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, நாளைக்குச் சிநேகிதிகளோடு பனிமலைக்குப் போகிறேன் என்று சிஞ்ஞோராவிடம் சொன்னபோதும் அதே ஓநாயைக் கூப்பிட்டார். நானும் பழகிய வாயால் ‘க்ரெப்பி’, சாகட்டும், என்றேன்.

மூன்று பேர் போனோம். கார் ஓட்டியவள் ஜெனி. மன்னார்க்காரி, என் வயது, எதற்கும் மாதாவை இழுப்பவள். அவள் துப்புரவு செய்யும் வீட்டுத் தம்பதி தங்கள் பழைய ஸ்னோபோர்டைக் குப்பைக்குக் கொடுக்கப் பார்க்க, இவள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எங்கள் ஒரேத்தோ வீதிக்கு வந்து இறங்கினாள். ‘இதென்ன, உடுப்பு மினுக்குற பலகையோ?’ என்று என் கணவர் கேட்டார். இரண்டு காலையும் ஒரே பலகையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து சறுக்குகிற விளையாட்டு என்று சொன்னதும், ‘நாற்பது வயசிலை உங்களுக்கு உது தேவையோ?’ என்றார். அவர் கேட்டதற்காகவே போக வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். மூன்றாவது ஆள் சுகந்தி. இருபத்தெட்டு வயது, பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை. கிளிநொச்சிப் பக்கம். எங்கள் மூவரிலும் அந்தப் பலகையில் நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் சறுக்கியதை விட விழுந்து எழும்பியதுதான் அதிகம்.

பலேர்மோவிலிருந்து மதோனியே மலைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடலோர நெடுஞ்சாலையில் ஆரஞ்சு பழுத்த தோடை மரங்களைப் பார்த்துக்கொண்டு போய், மலைப்பாதைக்குத் திரும்பி ஏறினால், வளைவுக்கு வளைவு குளிர் கூடும். ஓரிடத்தில் இறங்கி, பனியில் வழுக்காமலிருக்கக் கார்ச் சில்லுக்குச் சங்கிலி மாட்ட வேண்டியிருந்தது. கைவிரல் விறைத்து ஜெனி மாதாவையும் சங்கிலி செய்தவனையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். சுகந்தி பின் சீற்றிலிருந்து தாயோடு வாட்ஸ்அப்பில் கதைத்தாள். கோயிலுக்குப் போகிறேன், மூன்று மணிக்கு முந்தி திரும்ப எடுக்கிறேன் என்றாள். அந்தத் தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரூபன் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். பிள்ளையின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீதியோரப் போராட்டக் கொட்டகையில் இருக்கும் தாய்மாரில் அவரும் ஒருவர். மிஞ்சிய ஒரு பிள்ளை பனியில் பலகை கட்டி விளையாடப் போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பொய் சொன்னதற்காகச் சுகந்தியை நான் குறை சொல்லவில்லை.

மலைமேல் பனிச்சறுக்கு இடமான பியானோ பத்தாலியாவில் காலை முழுக்க நல்ல வெயில். மற்ற இரண்டு பலகையையும் அங்கே வாடகைக்கு எடுத்தோம். பத்து வயதுப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு பறந்தார்கள். நான் மத்தியானத்துக்குள் ஏழெட்டுத் தரம் விழுந்து, இடுப்பும் நாரியும் நோகிறது என்று மலைவிடுதியின் யன்னலோரம் போய் இருந்துவிட்டேன். சுகந்தி, விழுந்து போனை உடைத்துவிடுவேன் என்று அதை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ‘கடைசியா ஒருக்கா அக்கா, போட்டு வாறன்’ என்று ஜெனியோடு கம்பியில் தொங்கும் கதிரை லிப்டில் ஏறிப் போனாள். அவர்கள் மேலே போய்ச் சேரும் நேரத்துக்கு மூடுபனி இறங்கியது. யன்னலுக்கு வெளியே நின்ற என் பலகைகூட எனக்குத் தெரியவில்லை. அரை மணித்தியாலம் கழித்து ஜெனி முழங்காலெல்லாம் பனியோடு உள்ளே வந்தாள். சுகந்தி முன்னால் போனவள், எப்போதோ இறங்கியிருப்பாள் என்று அவள் நினைத்திருந்தாள். ஜெனியோடு வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

கழிப்பறை, பலகை வாடகைக் கடை, கார் என்று எல்லா இடமும் ஓடிப் பார்த்தோம். பிறகு நான் லிப்ட்காரரிடம் போய், என் சிநேகிதி ‘இன் ரித்தார்தோ’, வரப் பிந்துகிறாள், சுணங்குகிறாள், என்று சொன்னேன். மூடுபனிக்குள் எல்லாரும்தான் சுணங்குவார்கள் என்று அவர் சிரித்தார். சிசிலியில் சுணங்குவது ஒரு செய்தியே இல்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். அங்கும் அதே சொல்லையே சொன்னேன். எவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் கேட்டாள். கொஞ்ச நேரம் என்றேன். விபத்தா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று அவசரமாக மறுத்தேன். சிஞ்ஞோரா, இன்னும் கொஞ்சம் பாருங்கள், வராவிட்டால் உடனே திரும்ப எடுங்கள் என்றாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. நான் சொன்னதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னாள்.

ஜெனிக்குப் பத்திக்கொண்டு வந்தது. “என்னெண்டு சொன்னனீ?”

“சுணங்கிறா எண்டு.”

“சுணங்குறதுக்கு அவள் என்ன பஸ்ஸே? ஆளைக் காணேல்லை எண்டு சொல்லன்!”

“வாயைப் பொத்தடி!” என்று கத்தினேன். விடுதியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சொல் ஏன் வரவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சாவியைக் காணேல்லை, சீப்பைக் காணேல்லை என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிற வாய்தான். ஆளுக்கு அதைச் சொல்ல எனக்கு வராது. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா மூன்று நாளும் ‘அப்பா சுணங்கிறார்’ என்றே சொன்னார். பக்கத்து வீட்டார் வந்து கேட்டாலும் அதே பதில். சோறு போட்டு மூடி வைத்தார். நாலாம் நாள் பின்னேரம் அப்பா செருப்பில்லாமல் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி, முதல் நாளே தலையிலடித்துக்கொண்டு ‘காணேல்லை’ என்று கத்தியவரின் மகன் வரவேயில்லை. பன்னிரண்டு வயதில் நான் போட்ட கணக்கு அது. படித்த, வேலை செய்கிற, இன்னொரு நாட்டில் பிள்ளை வளர்க்கிற பெண்ணின் தலைக்குள் அது அழியாமல் இருந்திருக்கிறது. சொல்லாமல் இருந்தால் வந்துவிடுவாள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது என் பைக்குள் சுகந்தியின் போன் அடித்தது. திரையில் ‘அம்மா’. மூன்று மணியாகப் பத்து நிமிஷம் இருந்தது. அடித்து நின்றது. உடனே திரும்ப அடித்தது. மூன்றாம் தரம் அடிக்க, விடுதி வாசலுக்கு வந்து எடுத்தேன்.

“பிள்ளை?”

“அம்மா, நான் வதனி. சுகந்தி இப்ப வந்திடுவா. கை கழுவப் போனவ.”

“ஆர், வதனியே? கோயிலோ உது? மணிச் சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. காத்தெல்லே இரையுது.”

“வெளியிலை நிக்கிறம் அம்மா.”

பிறகு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பது போன்ற சாதாரணக் குரலில் கேட்டார். “பிள்ளையைக் காணேல்லையோ?”

“சுணங்கிறா அம்மா…”

“உந்தக் கதை எனக்குச் சொல்லாதை. நானும் ரூபனுக்கு நாலு நாள் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தனான். சுணங்கிறான், வந்திடுவான் எண்டு. அந்த நாலு நாளும் ஒருத்தரும் தேடேல்லை. நான் சொன்னால்தானே தேடுறதுக்கு? காணேல்லையெண்டால் காணேல்லையெண்டு சொல்லு பிள்ளை. கத்திச் சொல்லு. இதை வைச்சிட்டு இப்பவே அவைக்குப் போன் அடி. நான் இஞ்சை போனோடை இருக்கிறன்.”

வைத்துவிட்டு அவசர இலக்கத்துக்கு அடித்தேன். ‘திஸ்பெர்சா’ என்றேன். மலையில் ஆளைக் காணவில்லை என்பதற்கு இங்கே உள்ள சொல் அது. அந்த ஒரு சொல்லில் மறுமுனையின் குரலே மாறியது. என்ன நிற உடுப்பு, கடைசியாக எங்கே கண்டது, ஏதும் நோய், வருத்தம் உண்டா என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. நீங்கள் அசையாமல் அங்கேயே நில்லுங்கள் என்றாள். ஜெனி பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ கத்திக்கொண்டிருந்தேன். ஊதா நிற ஜக்கெட், மஞ்சள் தொப்பி, இருபத்தெட்டு வயது, சுகந்தி, எஸ்-யூ-ஜி-ஏ. விடுதியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். லிப்ட்காரர் ஓடிவந்து, இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று என் தோளைப் பிடித்துக் கேட்டார். வாய் வரவில்லை என்பதை இத்தாலியனில் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலில் லிப்டில் வேலை செய்யும் நாலு பேர் மேலே போனார்கள். பிறகு இரண்டு ஜீப்பில் மலை மீட்புக்காரர்கள் வந்தார்கள். கயிறு, விளக்கு, ஸ்ட்ரெச்சர், ஒரு கறுப்பு நாய். அந்த நாய்க்கு மணக்கக் கொடுக்க சுகந்தியின் துவாயைக் காரிலிருந்து எடுத்து வந்தேன். அதில் தேங்காயெண்ணெய் மணந்தது. ஐந்து மணிக்கு இருண்டுவிடும் என்று யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. மூடுபனிக்குள் அவர்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ‘சுகாந்தீ! சுகாந்தீ!’ என்று எல்லாரும் பிழையாகவே கூப்பிட்டார்கள். அந்தப் பிழையான பெயர் மலை முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாய் குரைத்தது. பாதையை விட்டு விலகி, கார் நிற்கும் பக்கம் என்று நினைத்து நேரெதிர்ப் பக்கம் இறங்கி, காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் விழுந்து, முழங்கால் பிரண்டு, பலகையைக் கழற்றி அதன் மேல் குந்தியிருந்திருக்கிறாள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. என்னைக் கண்டதும் காற்றாக ஒரு சத்தம் வந்தது. “அம்மா எடுத்தவவோ?”

ஜெனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏசத் தொடங்கினாள். நான் தாய்க்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். முதல் மணி அடித்து முடியவில்லை, எடுத்துவிட்டார். சுகந்தி “அம்மா” என்றாள். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை.

“எத்தினை பேர் வந்தவை தேட?”

எண்ணிப் பார்த்துவிட்டு நான் சொன்னேன். “பதினொரு பேர் அம்மா. ஒரு நாயும்.”

“பதினொரு பேரோ? ஒரு மணித்தியாலத்திலை?”

“ஓம் அம்மா.”

“நாயும் வந்ததோ?” என்று திரும்பக் கேட்டார். அதை அவரால் நம்ப முடியவில்லை.

அந்த நேரம் மீட்புக் குழுவின் தலைவர் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். தாடியில் பனி படிந்த, நல்ல முகமுள்ள மனிதர். சுகந்தியின் பெயருக்கு நேரே ‘ரித்ரோவாத்தா’, கண்டெடுக்கப்பட்டாள், என்று எழுதி எனக்குக் காட்டினார். பிறகு, படிவத்தை மூடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் போனில் சுகந்தியின் தாய்.

யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டேன். “உங்கடை ஆக்களிலை வேறை ஆரையும் காணேல்லையோ எண்டு கேக்கிறார் அம்மா.”

கேட்டதுதான் தாமதம், அவர் சொல்லத் தொடங்கினார். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லி ஒழுங்குபட்ட குரல் அது. “பேர் ரூபன். காணாமல் போகேக்கை வயது இருபத்திரண்டு. உயரம் ஐஞ்சடி ஏழு. இடது புருவத்திலை வெட்டுக்காயத் தழும்பு. சாம்பல் நிறக் களிசான். சேட்டு…”

அந்த மனிதர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று தமிழ் தெரியாத அவருக்கு எப்படி விளங்கும்? பேனையைப் படிவத்தில் வைத்தபடி எழுதுவதற்கு ஆயத்தமாக நின்றார். சுகந்தி ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நோ,” என்றேன் நான் அவரிடம்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சுகந்தியின் அம்மா பாதியில் நிறுத்திவிட்டார், சேட்டின் நிறத்தைச் சொல்லவில்லை.