ஜெராம் படகு ஜெட்டியில் நான் போட்ட சத்தம்

மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் கட்டொழுங்கு ஆசிரியர். பிரம்பைத் தொடாமலேயே பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் என் திறமை ஒன்றும் இல்லை, எல்லாம் முகவாகு. சும்மா உட்கார்ந்திருந்தாலே கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போல இருக்கிறதாம், மனைவி சொல்வாள். நடைபாதையில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஆறாம் ஆண்டுப் பயல்கள்கூடச் சட்டையை உள்ளே செருகிக்கொள்வார்கள். அந்தக் கெத்தில் பல வருடம் சுகமாக ஓட்டினேன். பிறகு ஒரு மீன் வந்தது.

அன்று சனிக்கிழமை. நண்டு வேண்டும் என்று மனைவி சொன்னதால் காலையிலேயே இருவரும் கடலோர ஜெராமுக்குப் போனோம். படகுகள் கரைக்கு வந்த நேரம். வழக்கமாக நண்டுக் கூடையைச் சுற்றி அடித்துக்கொள்ளும் கூட்டம், கூடையை அப்படியே விட்டுவிட்டுப் படகுத்துறை ஜெட்டியின் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே கூட்டமோ அங்கே எட்டிப் பார்ப்பது நம் பிறவிக் குணம். நாங்களும் ஓடினோம்.

நீலத் தார்ப்பாயின் மேல் அது கிடந்தது. என்னைவிட நீளம். சுறாதான், வாலைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் நிறம் இளஞ்சிவப்பு, புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சின் நிறம். மூக்கு மட்டும் கொத்தனாரின் கரண்டி போலத் தட்டையாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வந்த மலாய் மீனவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் மட்டத்தில் ஏதோ பெரிய பிளாஸ்டிக் பை மிதக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போனாராம். பை வாலை ஆட்டியதாம்.

கூட்டத்தில் ஆளுக்கொரு ஞானம். மீன் வாங்கி விற்கும் சீன முதலாளியான தவுக்கே, யாரும் தொடக்கூடாது, மீன்வளத் துறைக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஒரு குச்சியை வைத்துக்கொண்டு காவல் காத்தார். ஒரு பெரியவர் குனிந்து அதன் செவுள் வெட்டுகளை எண்ணி, நாலு நம்பர் லாட்டரிக்கு இன்னும் மூன்று எண் தேவை என்று வாலைச் சுற்றி வந்து கொண்டிருந்தார். ஓர் அம்மா அதன் எண்ணெய் முட்டிவலிக்கு நல்லது என்றார். அப்படி ஒரு மீன் இருப்பதே அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தெரியும்.

என் பக்கத்தில் நின்ற தமிழர் ஒருவர், "பேய் மீன் சார் இது. குடும்பத்துக்கே ஆகாது," என்றார்.

அவர் 'சார்' என்றதுதான் வினை. எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லங்க. ஆழ்கடல் சுறா. வழி தவறி மேல வந்திருக்கு. செத்தும் போச்சு. செத்த மீனைப் பாத்து பயப்படலாமா?" என்று பள்ளிச் சபைகூடலில் பேசுகிற குரலில் ஆரம்பித்தேன். கூட்டம் என் பக்கம் திரும்பியது. நாலைந்து கைப்பேசிகளும் திரும்பின.

"ஏங்க, வாங்க போலாம்," என்றாள் மனைவி. என் குரல் எப்போது மாறும், மாறினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இரும்மா," என்று நான் தார்ப்பாய் அருகே குந்தினேன். தவுக்கே குச்சியை நீட்டுவதற்குள், "பாருங்க, ஒண்ணும் ஆகாது," என்று அந்த மூக்குக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினேன்.

வாயைத் திறந்தது என்று சொன்னால் போதாது. தாடை முழுவதும் பல்லோடு முகத்தை விட்டுத் தனியாக வெளியே வந்தது, திறந்த மேசை இழுப்பறை போல.

அடுத்து நடந்தது எனக்கு நினைவில்லை. காணொளியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "யம்மாஆஆ!" என்று ஒரு சத்தம். அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது, ஆனால் அவ்வளவு உச்ச சுதியில் எனக்கு ஒரு குரல் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. பிறகு நான் எழுந்து, மனைவியின் தோளைப் பிடித்து இழுத்து, அவளை எனக்கும் சுறாவுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து ஐஸ் கட்டிகள் நிறைந்த மீன் தொங்குத் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். சுறா அசையவே இல்லை.

மனைவி நேரே காருக்கு நடந்தாள். நண்டும் வாங்கவில்லை. வீட்டு வாசலில் கார் கதவைத் திறந்து இறங்கும்போதுதான் சொன்னாள்: "கத்தினது பரவால லா. என்னை ஏன் முன்னால புடிச்சி நிறுத்துனீங்க?"

அதற்குள் கைப்பேசி அடித்தது. கெர்லிங்கில் இருக்கும் என் அக்கா.

"தம்பி, ஆழத்துல கெடக்குறது மேல வந்தா சுனாமி வரும்டா. எங்க சர்ச்சுல எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் அரிசி, சார்டின் டின்னு எல்லாம் வாங்கி வெச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் கெளம்பி இங்க வந்துடுங்க."

கெர்லிங் மலையடிவாரத்து ஊர். சுனாமி அங்கே போக வேண்டுமானால் நடுவில் எங்காவது இறங்கி பஸ் மாற வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "அது இருக்கட்டும், நீ ஏன்டா அப்படிக் கத்துன? மாமா அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறாரு," என்றாள். காணொளி எனக்கு முன்பே மலையேறிவிட்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் அது எங்கும் பரவியது. யாரோ சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து உறுமி மேளத்துக்கு நடுவில் வைத்திருந்தார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது. கீழே மூன்று மொழியிலும் கருத்துகள். பாதிப் பேர் அது செயற்கை நுண்ணறிவு செய்த வேலை என்று அடித்துச் சொன்னார்கள். இப்படி ஒரு மீன் உலகத்திலேயே கிடையாதாம். ஒருவர் எழுதியிருந்தார்: 'சுறா ஏஐ. அங்கிள் கத்துறது மட்டும் ஒரிஜினல்.'

அதைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன், பொய் என்றதைத் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து என் சொந்தக் கணக்கிலிருந்து பதில் எழுதினேன்: 'சுறா நிஜம். அதைத் தொட்டவன் நான்தான்.' என் கணக்கில் முகப்புப் படமாக இருந்தது, பள்ளிச் சின்னத்தின் முன்னால் கழுத்துப்பட்டையோடு நான் முறைத்துக்கொண்டு நிற்கும் படம். அதுவரை அந்த ஆள் யார் என்று தெரியாமல் இருந்தவர்களுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது ஒரு சிரிப்பு முகம். அதன்பிறகு எண்ணவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சர், இந்தக் கட்டொழுங்குப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க," என்றேன்.

"வேற யார் சார் எடுப்பாங்க? மூணு வருஷமா கேக்குறேன், ஒருத்தரும் வரல. நீங்களே சபைகூடல்ல பேசிடுங்க. இல்லன்னா இந்த வாரம் பூரா பாடம் நடக்காது."

மேடை ஏறினேன். பள்ளி முழுவதும் வரிசையில் நின்றது. அவ்வளவு அமைதியை நான் முறைத்து வாங்கியதே இல்லை. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வரிசை விட்டால் எல்லா வரிசையும் விட்டுவிடும். நான் சுறாக்களின் வகைகளைப் பற்றித் தயாரித்து வைத்திருந்த உரையைத் தொடங்கும் முன், இரண்டாம் ஆண்டு வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"சார், அந்த ஆன்ட்டிய ஏன் சார் முன்னால இழுத்தீங்க?"

ஆசிரியர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. 

"பயத்துல," என்றேன்.

திடல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தலைமையாசிரியை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். இசை ஆசிரியை தூணைப் பிடித்துக்கொண்டார். ஓயட்டும் என்று நின்றேன், ஓய நேரமானது. நடுவில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓய்ந்ததும் தாடை வெளியே வந்ததைக் கையால் செய்து காட்டினேன். அப்போது கேட்டார்கள் பாருங்கள், பின்வரிசைப் பையன்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அதைக் கோப்ளின் சுறா என்பார்கள், இருட்டில் வாழ்வது, அங்கே அதன் அழகைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை என்றெல்லாம் சொன்னேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி மனைவிக்கு எட்டியிருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கே சொன்னீங்களாமே. என்கிட்ட சொன்னீங்களா?"

"பயந்துட்டேன்மா. தப்புதான்."

"அடுத்த தடவை நான் உங்கள இழுப்பேன். தயாரா இருங்க," என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாக எனக்கு மட்டும் ஆறிப்போய் வந்துகொண்டிருந்த தேநீரைச் சூடாகக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில், ஒரு பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராயும் பெண் ஒருவர் அழைத்தார். நம் பிள்ளைதான், பேச்சில் தமிழும் ஆங்கிலமும் பாதிப் பாதி. மீன் இப்போது அவர்களிடம் இருக்கிறதாம். அதன் தாடை வெளியே வந்த காட்சி அந்தக் காணொளியில் மட்டும்தான் இருக்கிறதாம்.

"தொடும்போது எப்படி சார் இருந்திச்சு?" என்று கேட்டார்.

அத்தனை நாளில் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. யோசித்துச் சொன்னேன். மெத்தென்று இருந்தது, ஊறவைத்த சவ்வரிசி போல, எலும்பே இல்லாதது போல.

"நம்ம கடல் வெறும் சேறு, ஆழமே இல்லையே. இங்க எதுக்கும்மா வந்தது?"

"அதான் சார் எங்களுக்கும் தெரியல. சீக்காவும் இருக்கலாம். இன்னும் பாத்துக்கிட்டு இருக்கோம்," என்றார். பிறகு தயங்கி, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. லேப்ல அந்த வீடியோவ சவுண்ட் இல்லாமதான் போடுறோம். போட்டா வேலை நடக்க மாட்டேங்குது," என்றார்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் பள்ளி வாசலில் கூச்சல். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற ஒரு தகப்பனார், தன் மகனின் காற்பந்தை ஓர் ஆசிரியர் பிடுங்கி வைத்துவிட்டார் என்று சண்டைக்கு வந்திருந்தார். காவலாளி மறித்தும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் பழைய முகத்தை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஐயோ... ஜெராம் சாரா?"

"ஆமாங்க."

"சார், எங்க வீட்ல காலையில அலாரமே நீங்கதான் சார்!"

மறுநொடி என் தோளில் கைபோட்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார். காவலாளியைக் கூப்பிட்டு அவரையும் சேர்த்து இன்னொன்று. பிறகு படியில் உட்கார்ந்து, அது என்ன சாப்பிடும், குழம்பு வைக்கலாமா, கவிச்சி இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குத் தெரியாது என்றேன். மணி அடித்ததும்தான் அவருக்கு வந்த காரியம் நினைவு வந்தது.

"பந்து விஷயம் சார்..."

"வகுப்புக்குள்ள உதைச்சிருக்கான். ஜன்னல் கண்ணாடி போச்சு."

"அப்படியா? எங்கிட்ட அதைச் சொல்லல சார்," என்று அவர் எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மகனின் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார்.