ராத்தா ஏறிய கோச்சி

எங்கள் வீட்டில் ரயில் வாரண்ட் இருந்தது, பக்கத்து வீட்டில் கார் இருந்தது. அந்த வருடத்துத் திருகோணமலைப் பயணத்தில் வந்த கலாட்டா எல்லாம் இந்த இரண்டினால்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம். மாத்தளை டவுனில் குடியிருந்தோம். என் கணவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். குடும்பத்தோடு இலவசமாக ரயிலில் போய்வர வருடத்தில் சில தடவை கந்தோரில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள், அதுதான் வாரண்ட். அது கையில் இருக்கிறவரைக்கும் மனிதர் வேறு எதிலும் ஏறமாட்டார். தம்புள்ளைக்குப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டால், "அங்க ரயில் போகாதே" என்பார். மாத்தளையோடு தண்டவாளம் முடிகிறது என்றால் உலகமும் அங்கேயே முடிகிறது என்று அவருக்கு நினைப்பு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நீண்ட பயணம் காரில் போனதில்லை நான். எனக்கு அந்த ஏக்கம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. அவரை நாங்கள் நானா என்போம். அவர் மனைவி எனக்கு ராத்தா. அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். நானாவிடம் சாம்பல் நிறத்தில் ஒரு ஆஸ்டின் கார். பெற்ற பிள்ளைகளைவிட அதைத்தான் அதிகம் குளிப்பாட்டுவார்.

ராத்தா மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஸ்டேஷனிலிருந்து காலைக் கோச்சி கூவுகிற சத்தம் அவள் குசினிக்குத் துல்லியமாகக் கேட்கும். ரயிலை எங்கள் ஊரில் கோச்சி என்றுதான் சொல்வார்கள். கேட்டாளே தவிர, ஒரு நாளும் ஏறியதில்லை! பிறந்த வீட்டில் இருந்தவரை வாப்பா வெளியே அனுப்பவில்லை. கட்டிக்கொண்டவரிடமோ கார் இருந்தது. "கார் இரிக்கிறவன் பொண்டாட்டிக்கு கோச்சி என்னத்துக்கு?" என்பார் நானா. அவர் கெட்ட மனிதர் இல்லை. தங்கமான மனிதர். ஆனால் தன்னிடம் இருப்பதைவிட நல்லது உலகத்தில் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளுக்குக் கோச்சி ஆசை, எனக்குக் கார் ஆசை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லிச் சிரிப்போம்.

அந்த வருடம் என் கணவருக்குக் கோணேசர் கோயிலில் தீர்க்கவேண்டிய ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட நானா, திருகோணமலையில் கடற்கரையோரம் தன் சிநேகிதர் வீடு ஒன்று கொஞ்ச நாளைக்குச் சும்மா கிடக்கிறது, ரெண்டு குடும்பமும் சேர்ந்தே போவோம் என்றார். எங்கள் மகளும் அவருடைய இரண்டு பயல்களும் அங்கேயே குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். ராத்தா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். போகும்போது அவள் எங்களோடு கோச்சியில், வரும்போது நான் அவர்களோடு காரில். வாயைத் திறக்காமலே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆண்கள் சம்மதிக்க வேண்டுமே!

எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். "என்னத்துக்கு கோச்சி? எல்லாரும் கார்ல போவோம்" என்று ஆரம்பித்தார் நானா. "நெருக்கி உட்கார்ந்தா சரி. தம்புள்ளை, ஹபரணை, நேரா திருகோணமலை. பகல் சோத்துக்கு அங்க நிப்போம்."

என் கணவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். லீவு தொடங்குவது செவ்வாய்க்கிழமை. வீடு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். "செவ்வாய், புதன் வடக்கே சூலம் நானா. அந்தத் திசைக்குப் பயணம் புறப்படக்கூடாது. நேர்த்திக்குப் போற பயணம் வேற. வியாழக்கிழமை போனா, போன காலோட திரும்பணும்."

பயணமே நின்றுவிடும் போலிருந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது.

"என்னங்க, நம்ம ரயில் மாத்தளையில இருந்து தெக்காலதானே போகுது?"

மனிதர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. கண்டிக்குப் போய், அங்கே வேறு ரயில் ஏறிப் பொல்காவலைக்குப் போய், அங்கே கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலைப் பிடித்து, விடிய விடிய வடக்கே போகவேண்டும். ஆனால் புறப்படுவது தெற்கே. செவ்வாய்க்கிழமை தெற்குக்குச் சூலம் இல்லை. வாரண்டும் வீணாகாது!

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேல இது!" நானா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி தம்பி, நீங்க சுத்தி வாங்க. நாங்க நேரா போய் தேத்தண்ணி ஊத்தி வைக்கிறோம்."

கதவு நிலையில் சாய்ந்து நின்ற ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அப்ப எனக்கும் சூலம்தானே?"

"முஸ்லிமுக்கு என்னடி சூலம்? பிஸ்மி சொல்லிட்டுக் கார்ல ஏறு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலி தாண்டிப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்று நினைக்க நான் என்ன பச்சைப்பிள்ளையா?

"நான் மௌத்தாப் போனாலும் கார்லதான் ஏத்துவார் போல இரிக்கு, தங்கச்சி" என்றாள்.

அவள் சாவைப் பற்றிப் பேசியதும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவள் கேட்டது நகையா, நட்டா? ஒரு கோச்சிப் பயணம். "ராத்தா, நீங்க வாயை மூடிட்டு இருங்க. செவ்வாய்க்கிழமை நீங்க ரயில்ல உட்காரலன்னா நான் திருகோணமலைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்றேன். எப்படி என்றுதான் எனக்கும் தெரியாது.

வழி காட்டியது எங்கள் சட்டிபானைகள். நேர்த்தி முடியும்வரை எங்கள் சமையல் சுத்த மரக்கறி. மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட சட்டியைத் தொட முடியாது. அவர்களுக்கோ கடற்கரைக்குப் போய் மீன் தின்னாமல் இருக்க முடியாது. ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு குசினி. இரண்டு குசினிச் சாமானும் யார் தலையில்? கார் தலையில்தான். ரயிலில் மூட்டை தூக்கி மாற்றி மாற்றி ஏற முடியுமா என்று நான் நியாயம் பேசினேன், நானா பெரிய மனதோடு தலையாட்டினார். பாவம், எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் ஏற்றினோம் பாருங்கள்! எங்கள் பித்தளைப் பானைகள், இட்லிச் சட்டி, அம்மிக்குழவி. அவர்கள் மண்சட்டிகள், வட்டிலப்பத் தட்டுகள், பாய், தலையணை. ராத்தா ஒரு மூட்டைத் தேங்காயையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"திருகோணமலைக்குத் தேங்காயா?" என்று அலறினார் நானா.

"அங்கத்தத் தேங்காயில பால் தடிப்பா வராதாம்" என்றாள் ராத்தா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். நான் வேலிப்பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்சீட் கூரைவரைக்கும் நிறைந்தது. முன்சீட்டில் இரண்டு பயல்களும் ஏறி உட்கார்ந்து கதவையும் பூட்டிக்கொண்டார்கள். நானா காரைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"அப்ப நீ எங்க இருக்கிற?" என்று மனைவியைக் கேட்டார்.

"அதானே!" என்றாள் ராத்தா.

"பயல்கள் கோச்சில வரட்டும்" என்றார். உடனே காருக்குள்ளிருந்து இரண்டு தொண்டையும் சேர்ந்து கத்திய கத்தலில் கோழிகள் எல்லாம் கூரை ஏறின. என் கணவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏத்தின சாமானை இறக்குறது சகுனம் சரியில்ல நானா" என்றார். எங்கள் சதி அவருக்குத் தெரியாது. மனதாரச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றிரவு அவருக்கு இரண்டு வடை கூடுதலாகப் போட்டேன்.

நானா நெடுநேரம் தாடியைத் தடவினார். "சரி, போய்த் தொலை" என்றார்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் ராத்தா கைப்பிடியைப் பிடித்து, "பிஸ்மில்லாஹ்" என்று வலது காலை எடுத்து வைத்ததைப் பார்க்க வேண்டுமே! ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பலகை சீட்டைத் தடவிப் பார்த்தாள். நானா பிளாட்பாரத்தில் நின்று, "ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டாத, கரித்தூள் கண்ணுல விழும்" என்று பத்துப் பதினைந்து புத்தி சொன்னார். ரயில் நகர்ந்ததும் அவள் செய்த முதல் காரியம் தலையை வெளியே நீட்டியதுதான்.

உக்குவளையில் ரயில் நின்றது. எட்டிப் பார்த்தால், பிளாட்பாரத்தில் நானா! வடக்கே போகவேண்டிய மனிதர் தெற்கே வந்து நிற்கிறார், கையில் தண்ணீர்ப் போத்தல்.

"இத மறந்திட்ட" என்று ஜன்னலால் நீட்டினார். ராத்தாவின் மடியில் ஏற்கனவே ஒரு போத்தல் இருந்தது.

வத்தேகமயில் மறுபடியும் ஓடி வந்தார். இந்தத் தடவை ஒரு பொட்டலம் கடலை. "புள்ளைகளுக்கு கோச்சி பார்க்கணுமாம், அதான் பின்னால வந்தேன்" என்று என் கணவரிடம் சொன்னார். பயல்கள் இரண்டும் காருக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது எங்கள் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. என் கணவர் மீசைக்குள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் விடமாட்டார் என்று பயந்தேன்.

நினைத்தது சரி. கண்டியில் அடுத்த ரயிலுக்கு மாற இறங்கினோம். வியர்த்து விறுவிறுத்து முன்னால் வந்து நின்றார் நானா. ராத்தாவின் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

"கோச்சி பார்த்திட்டதானே? ஆசை தீர்ந்திச்சிதானே? வா. தேங்காய் மூட்டைய இங்க ஒரு கடையில போட்டாச்சி. பயல்கள பின்னால தள்ளினா நீ முன்னுக்கு இருக்கலாம்."

அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார், அதுதான் கஷ்டம். பொல்காவலை ரயில் எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. என் கணவர் மகளை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை சாமர்த்தியம் பேசினாலும், இது நான் பேசுகிற இடம் இல்லை என்று அந்த நேரத்தில் புரிந்தது.

ராத்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து கூடையைத் திருப்பி வாங்கினாள். மெதுவாகத்தான், பறிக்கவில்லை.

"நான் திருகோணமலையில இறங்குறேன்" என்றாள். "நீங்க பயல்கள எழுப்பிச் சாப்பாடு குடுத்திட்டு, பார்த்து ஓட்டிட்டு வாங்க."

ஏறிவிட்டாள். நானா வெறுங்கையோடு நின்றார். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கார்ட் விசில் ஊதியதும் ஜன்னலோரம் கூடவே நடந்தார்.

"காலையில எத்தன மணிக்கு வரும் இந்தக் கோச்சி?" என்று என் கணவரிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் மனைவி பக்கம் திரும்பினார். "எத்தன மணிக்கு வந்தாலும் நான் ஸ்டேஷன்ல நிப்பேன்."

பிளாட்பாரம் முடிந்து அவர் சின்னதாகிப் போகும்வரை ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. பிறகு என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இத்தனை வருஷமா அவர் போற எடத்துக்கெல்லாம் நான் போனேன், தங்கச்சி" என்றாள். "இன்டைக்குத்தான் நான் போற எடத்துக்கு அவர் வாறார்."