பதினேழு சதவீத ஈரம்

கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பருவம் தவறி மழை பெய்தால், விவசாயிகள் கேட்பதன் பேரில் மாதிரி எடுத்துப் பார்த்து இந்த வரம்பைத் தளர்த்தலாம். மனு கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்றும் எழுத்தில் உள்ளவை. ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால், எது எந்தக் கோப்பில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறேன். யாரும் கேட்காமலே.

எங்கள் ஊர் காளையார்கோவில் போகிற வழியில், கண்மாயை நம்பியிருக்கும் ஊர். வறட்சி நிவாரணப் படிவத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். ஈரத்துக்கு இந்தப் பக்கம் படிவமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. மழை வந்தால் கொண்டாடத் தெரியும். வந்த மழை போகாவிட்டால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த மார்கழியில் அது போகவில்லை. கார்த்திகையோடு ஓய வேண்டிய மழை, கதிர் முற்றிய பிறகும் நின்று நின்று பெய்தது. காலை ஒன்பது மணி வரை பனிமூட்டம், பிற்பகலானால் தூறல். இடையில் தலைகாட்டும் வெயிலில் துவைத்த வேட்டிகூடக் காயவில்லை.

எதிர்வீட்டில் இருப்பவர் கணவரை இழந்தவர், ஐம்பது வயது. மூன்று ஏக்கரைத் தனியாகவே பார்க்கிறார். வயல் காயட்டும் என்று காத்திருந்தால் அறுவடை இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆகவே கிடைத்த நாளில் ஈரத்தோடு அறுத்து, டிராக்டரில் ஏற்றி, கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டி டோக்கன் வாங்கினார். ஆடியிலிருந்து அவர் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குவியலில்தான் இருந்தது.

நிலையத்து எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை மீட்டரில் போட்டார். இருபத்தொன்று காட்டியது.

"காய வச்சுக் கொண்டாங்கக்கா."

"எங்குட்டு வெயில் அடிக்குதுன்னு சொல்லுங்க தம்பி, அங்குட்டே கொண்டுபோறேன்."

"சூரியன் எங்க டிபார்ட்மெண்ட்ல வராதுக்கா."

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க சட்டம் தெரிஞ்சவுக. என்ன செய்யச் சொல்றீக?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஓய்வு பெற்றதிலிருந்து காத்திருந்தேன். வரம்பைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம் என்றேன். மாதிரி எடுக்க வருகிறவர்களுக்கு நெல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், குவியலை நகர்த்தினால் டோக்கன் வரிசையும் போய்விடும், அதனால் அசைக்காதே என்றேன். மறுநாள் ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதி, இரண்டு பார்வைக் குறிப்புகள் போட்டு, மூன்று பேருக்கு நகல் வைத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். நல்ல மனு. இன்றைக்கும் அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

அவர் நெல்லை அசைக்கவில்லை. தார்ப்பாயை மூடினால் உள்ளே வேர்த்து, அந்த நீர் நெல்லின் மேலேயே சொட்டியது. திறந்தால் பனி இறங்கியது. பகலில் கொஞ்சம் விட்ட ஈரத்தை நெல் ராத்திரியில் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. நாலாம் நாள் என்னைக் களத்துக்குக் கூட்டிப் போனார்.

"உள்ள கைய விட்டுப் பாருங்கண்ணே."

முழங்கை வரை விட்டேன். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது. அடியிலிருந்து எடுத்த கைப்பிடி நெல்லில் அங்கங்கே வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

"மனு எம்புட்டுத் தூரத்துல இருக்குண்ணே?"

"பரிசீலனையில் இருக்கும்மா."

"நெல்லுக்கு அது தெரியலையே. அது பாட்டுக்கு முளைச்சுருச்சு."

அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கல்யாண மண்டபத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மண்டபம் வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த ஒரு பாயுடையது. மார்கழியில் இங்கே யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே முப்பது காற்றாடிகளும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன.

"நெல்ல விரிச்சுக் காத்தாடியப் போட்டுக்கிறவா பாய்?"

பாய் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். "விரிங்கக்கா. இந்த மாசம் பூரா எனக்கு விருந்தாளி எலிதான். தை மொத முகூர்த்தத்துக்கு முன்னால மட்டும் காலி பண்ணிருங்க. மாப்பிள்ளை வந்து நெல்லுமேல உக்காந்துறப் போறாரு."

அவர் களத்துக்குத் திரும்பி நெல்லை அள்ளத் தொடங்கியபோது, நான் விடாமல் டோக்கனை நினைவூட்டினேன். அவர் வீட்டிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து, குவியல் இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தார்.

"இது செல்லாதும்மா. விதியில் இல்லை."

"தண்ணி லாரிக்கு வருசம் பூரா குடந்தானண்ணே நிக்கிது? என்னைக்கு நாங்க நின்னோம்?"

அடுத்த டோக்கன்காரர் பீடியை அணைத்துவிட்டு, "குடம் நிக்கட்டும் மதினி. எந்தப் பய தொடுறான்னு பாக்குறேன்" என்றார். மறுநாள் காலை களத்தில் ஏழு குடங்கள் நின்றன. அந்த ஏழு வீட்டு நெல்லும் மண்டபத்தில் இருந்தது.

எழுத்தர் குடங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விதியை நான் எடுத்துச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிகள் முன்னால் அப்படி இருந்ததற்காகத்தான் எனக்கு நல்ல பெயர்.

மூன்று நாள் காற்றாடிகள் ஓடின. சாப்பாட்டுக் கூடத்திலும், மணமக்கள் உட்காரும் மேடையிலும்கூட நெல். மணிக்கொரு தரம் வரிசையாக நடந்து காலால் கிண்டிவிட வேண்டும். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

"நல்லா உழுகுறீகண்ணே," என்றார் அவர். "மனுவ விட இது வெரசா நடக்குது."

முளைத்ததைப் பொறுக்கி ஒதுக்கியதில் நாலு மூட்டை கழிந்தது. அது நான் அசைக்காதே என்று சொன்ன நாலு நாளின் விளைவு. அதை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. கோழிக்கு ஆகும் என்று கொண்டுபோய்விட்டார். மற்ற நெல்லை அவருடைய முறை வந்தபோது மீட்டரில் போட்டார்கள். பதினாறரை. எழுத்தர் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார். மறுபடியும் பதினாறரை. பொங்கலுக்கு முந்திய நாள் மூட்டை பிடித்து, எடை போட்டு, தைத்து முடித்தார்கள்.

பதில் வந்தபோது அவர் வயலில் உளுந்து பூத்திருந்தது; மழையைக் காணோமே என்று எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறையைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். மனு கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. மாதிரி எடுக்க ஒரு குழு விரைவில் வரும். அதுவரை நெல்லை இருந்த இடத்திலிருந்து அகற்றாமல் வைத்திருக்குமாறு மனுதாரர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வாறவுகளுக்கு ஒரு சோறாச்சும் ஆக்கிப் போடணும்ணே. எம்புட்டு நடந்து களைச்சு வருவாகளோ."

நான் பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்து, உறையின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: பங்குனி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, முற்பகல்.