என் எழுத்தில் நானூற்றுப் பதினோரு கவர்கள்

பேரனின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் கவர்களை எண்ணினேன். நானூற்றுப் பத்தொன்பது; அழைக்க வேண்டிய வீடுகளைவிட ஏழு அதிகம். சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினேன், அதேதான். எங்கள் சொந்தத்தில், பெயரைக் கையால் எழுதிக் கொடுக்காத பத்திரிகை அழைப்பில் சேராது. மகன் கல்யாணத்தின்போது நேரமில்லாமல் பெயர்களை டைப் அடித்து ஒட்டிக் கொடுத்தோம். கிணத்துக்கடவில் இருக்கும் என் அக்கா மண்டபத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். எனக்கு மூத்தவர் என்று மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் எழுதியவன் நான். யார் வீட்டு விசேஷம் என்றாலும் கவர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பதினான்கு மாதமாகக் கை நடுங்குகிறது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் சாப்பிட மாட்டார்.

மருமகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை. "ஏனுங் மாமா, உங்க கையெழுத்தையே ஃபாண்ட் ஆக்கிப்போடலாமுங்க. அப்புறம் எத்தன கவர்னாலும் மெஷின் எழுதும்" என்றாள்.

என் பழைய டைரிகள் ஒன்பதைப் பிரித்து எழுத்துகளைப் பொறுக்கினாள். இருநூற்று நாற்பத்தேழும் வேண்டாமாம்; கொம்பையும் காலையும் தனியாக வெட்டிக்கொண்டால் நூற்றுப் பதினாறு போதுமாம். ஒன்பது டைரியிலும் 'ஔ' ஒன்று கூட இல்லை. அதை மட்டும் புதிதாக எழுதிக் கொடுத்தேன்; அந்த ஃபாண்டில் நடுங்குகிற எழுத்து அது ஒன்றுதான். மற்றவை அன்றைக்கு எழுதிய மாதிரியே இருந்தன. கொஞ்சம் வலப்பக்கம் சாய்வு, 'ழ'வின் வால் கீழ் வரி வரைக்கும், 'க'வின் சுழி முட்டாமல். ஒரே 'க' திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் என்று தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றிலும் மூன்று விதம் சேர்த்திருந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இதை வெச்சு ஆராவது என் எழுத்துல பத்திரம் எழுதீட்டா?"

"உங்க எழுத்துல பந்திக்கு அம்புக்குறி போர்டுதான் எழுதப் போறனுங்க மாமா. பயப்படாதீங்க" என்று சிரித்தாள். தாம்பூலப் பையிலும் போட்டாள். பையில் 'நன்றி' என்று நான் எழுதாத என் எழுத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

நானூற்றுப் பதினொன்று மெஷினில் போயின. அக்காவின் கவரை மட்டும் நானே எழுதினேன். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏழு கவர் வீணாக்கி, எட்டாவதில் முடித்தேன். மகனோடு போய் அக்காவிடமும், பக்கத்து வீட்டுப் பங்காளி சம்சாரத்திடமும் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "கல்யாணம் நல்லா நடக்கட்டும் தம்பி. என்னால வர முடியாது." கட் செய்துவிட்டார்.

எங்கள் துடியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். அக்கா வீட்டில் அந்தப் பங்காளி சம்சாரமும் உட்கார்ந்திருந்தார். அக்கா இரண்டு கவர்களையும் என் முன்னால் வைத்தார்.

"இவியளுக்குப் பாரு, முத்து முத்தா எழுதியிருக்கற. எனக்கு மட்டும் கோழி கிண்டுனாப்பல. வேண்டா வெறுப்பா எழுதறதுக்கு எதுக்கு எழுதோணும்?"

உள்ளதைச் சொன்னால் நானூற்றுப் பதினோரு வீட்டுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அக்கா வர மாட்டார். பேனாவை எடுத்து, அந்தக் கவரின் பின்பக்கத்தில் அக்காவின் பெயரை எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது எழுத்திலேயே பேனா கோணிக்கொண்டு கீழே ஓடியது.

அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "எத்தன நாளா?"

"பதினாலு மாசமுங்க்கா."

"டாக்டருகிட்டக் காட்டுனயா?"

"மூணு தடவைங்க."

"அப்ப இவியளுக்கு எழுதுனது ஆரு?"

சொன்னேன். பங்காளி சம்சாரம் விரலை எச்சிலில் நனைத்துத் தன் கவரைத் தேய்த்துப் பார்த்தார். மை கலையவில்லை. "அப்படீங்களாண்ணா. நாங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டமுங்க" என்றார். அவர் போனில் எத்தனை சொந்தக்காரர் நம்பர் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது; அறுபதுக்குக் குறையாது.

"சொன்னாத்தான் சொல்லட்டுமே" என்றார் அக்கா. "நான் நாலு நாள் முன்னாடியே வந்தர்றேன். வாறவியகிட்ட நான் பேசிக்கறேன்." கிறுக்கல் கவரை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மற்றதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதுலயும் எனக்கொண்ணு அடிச்சுக் கொண்டா தம்பி. இது உன்ற பழைய எழுத்தேதான்."

சரி என்றேன். வீட்டில் வெற்றுக் கவர் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.